ரத்தக் காட்டேரியின் வலது கை

வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தில் இரண்டு மாடி வீடு கட்டியவன் நான். கீழே பட்டறை, மேலே குடும்பம். சினிமாவில் பேய்க்குப் பல் வேண்டுமென்றால் மெழுகில் உருட்டி ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஆவடியில் பல்செட் செய்கிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தொழிலைப் பார்த்து, வாயில் மாட்டிக்கொண்டே வசனம் பேசக்கூடிய கோரைப்பல்லைச் செய்தவன் நான். எறும்பு மொய்க்காத ரத்தம் கலந்தவன் நான். வில்லனுக்குத் தீக்காயம், சாமியாருக்குச் சடை, கதாநாயகனுக்கு நெற்றியில் முடி, எல்லாம் இந்தக் கை. படிப்பு ஏழாவதோடு சரி. இரண்டு மகள்களையும் காலேஜில் படிக்க வைத்தேன், ஒருத்தி அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். என்னை யாரும் கைதூக்கி விடவில்லை. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மேக்கப்காரர் சங்கத்து மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று நம் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேசச் சொன்னால் பேசுவேன், எழுதுவது நமக்கு வராது என்று தட்டிக்கழித்தேன். போன மாதம் என் மகள் போனை நீட்டி, “அப்பா, உன் காட்டேரிப் படத்து டைரக்டர் பேசறாரு பாரு” என்றாள். பார்த்தேன். அதற்கப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் படத்தைக் கழுவிச் சுத்தம் பண்ணி மறுபடி வெளியிடப் போகிறார்களாம். அதற்காகப் பேட்டி. எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்கள். கடைசியில் அந்தக் காட்டேரி ஒரே ஷாட்டில், வெட்டு ஒட்டு எதுவும் இல்லாமல், கண்ணெதிரே கிழவியாகிறாளே, அதை எப்படி எடுத்தீர்கள்? டைரக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “முகத்தைத் தூக்கிக் கட்டியிருந்த நூலை அவிழ்த்துட்டோம். அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்களா? பின்னாடி ஒரு பையனை நிக்க வெச்சேன். கர்ச்சீஃபைக் காட்டினேன், இழுத்தான்.”

“வேற லெவல் சார்” என்று பேட்டி எடுத்த தம்பி கைதட்டினார்.

அந்தப் பையன் நான்தான். பையனுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அதை விடுங்கள். அவர் சொன்னதில் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. அது பொய் என்று அவருக்கே தெரியாது.

முதலில் நான் எப்படி அங்கே போய் நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். கட்டுக் கட்டாகக் கட்டி வைக்க வேண்டும், செக்கிங் வருகிறவர் எதைக் கேட்டாலும் உடனே பிரித்துக் காட்ட வேண்டும். கத்தி போட்டால் ரப்பரில் கீறல் விழும், திட்டு விழும். அதனால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு இழுப்பில் மொத்தமாக அவிழ்கிற முடிச்சு ஒன்றை நானே பழகிக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. என் கை தானாகக் கண்டுபிடித்த முடிச்சு அது. ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் இங்கிலீஷ் பேய்ப் படம் போடுவார்கள். பேசுவது ஒன்றும் புரியாது. கோட்டை, மூடுபனி, கறுப்பு அங்கி, மெழுகுவத்தி. சீமாட்டி ஒருத்தி ஊர்ப் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு ரத்தம் குடித்து இளமையாகவே இருப்பாள். கடைசியில் வெயில் பட்டதும் கிழவியாகி உதிர்ந்துபோவாள். கூட வந்தவனெல்லாம் கழுத்தில் பல் இறங்கும்போது கத்துவான். நான் கத்த மாட்டேன், கிழவியாகிற இடத்துக்குக் காத்திருப்பேன். புகை மாதிரி ஒரு மங்கல் வரும், அதற்குள் அடுத்த மேக்கப்பைப் போட்டு மறுபடி எடுத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் தூங்கவில்லை. இன்னொன்றும் புரிந்தது. பல்லும் ரத்தமும் மேல் பூச்சு. அது வயசுக்குப் பயந்தவர்கள் கதை. கோட்டையில் இருக்கிற சீமாட்டிக்கும் அந்தப் பயம் உண்டு, ஆவடி குவார்ட்டர்ஸில் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போகிறவருக்கும் உண்டு.

அப்படியே ஒட்டிக்கொண்டு சினிமாவில் மேக்கப் போடுகிற தசரதன் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தேன். பெட்டி தூக்கினேன், பஞ்சு கழுவினேன், விக் சீவினேன். அந்த வருஷங்களை நீட்டி எழுத மாட்டேன், எல்லாருக்கும் அதே கதைதான்.

மாஸ்டரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள், வெற்றிலை வாய். வேலை தொடங்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். வேலை முடிகிற வரைக்கும் நாற்காலியில் இருப்பவர் தன் முகத்தைப் பார்க்கக் கூடாது. காட்டேரிதான் கண்ணாடியில் தெரியாது என்பார்கள், எங்கள் மாஸ்டர் ரூமில் யாருமே தெரிய மாட்டார்கள். அப்புறம் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்பார்: “தொடலாமா?”

பெரிய நடிகர் என்றாலும் கேட்பார், கூட்டத்தில் நிற்கிறவர் என்றாலும் கேட்பார். பிணமாகப் படுக்கப் போகிறவரிடமும் ஒருநாள் கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

“இன்னா மாஸ்டர், பொணத்துகிட்டயும் பர்மிஷனா?”

“பொணமா நடிக்கிறாண்டா. பொணம் இல்ல. மூஞ்சி அவன்துதானே? கேட்டுகினுதான் கைய வெக்கணும்.”

“வாணாம்னு சொல்ட்டா?”

“சொன்னா ஒரு டீ குட்ச்சிட்டு வந்து திருப்பிக் கேப்பேன்.”

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். மலை பங்களாவில் ஒரு ஜமீன்தாரிணி, ஊர்ப் பெண்களின் ரத்தம் குடித்து வயசே ஆகாமல் இருக்கிறாள். நம் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றின அதே பழைய கதை. மலைக்குப் போகக் காசில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிக் கிடந்த ஒரு வார்ப்பட ஷெட்டை வாடகைக்கு எடுத்து, உள்ளே தெர்மகோலில் தூண் நிறுத்தி, கோட்டை ஆக்கினார்கள். சவப்பெட்டி செய்தது மெஷின் பேக்கிங் பெட்டி அடிக்கிற ஆசாரி. மூடியைத் திறந்தால் உள்பக்கம் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறி இருக்கும். பக்கத்து ஷெட்டில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் நாள் முழுக்க டம் டம் என்று அடிக்கும். தரை அதிரும், மெழுகுவத்தி ஆடும். அவர்கள் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற நேரத்தில்தான் முக்கியமான ஷாட்டெல்லாம் எடுப்பார்கள்.

காட்டேரியாக நடித்தது வனமாலினி அம்மா. ஒரு காலத்தில் பெரிய கதாநாயகி. அப்போது மார்க்கெட் இறங்கிக்கொண்டிருந்தது. வயசு நாற்பதைத் தாண்டி எங்கேயோ இருந்தது, எங்கே என்று யாரும் கேட்க மாட்டோம். படத்தில் இருபது மாதிரி தெரிய வேண்டும். அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை, கிழவி மேக்கப் போட மாட்டேன் என்பது. “ஒரு தடவை சுருக்கத்தோட பாத்துட்டாங்கன்னா அப்புறம் எல்லாரும் அம்மா வேஷத்துக்குத்தான் வருவாங்க” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

முகத்தை இளமையாக்குகிற வேலையை மாஸ்டர் என்னிடம் கொடுத்தார். இதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும். மெல்லிய பட்டு வலையைச் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்ட வேண்டும். ஒன்று நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், ஒன்று காது மடலுக்கு முன்னால், ஒன்று காதுக்குக் கீழே தாடை முடிகிற இடத்தில். பசை போட்டு ஒட்டி, காய்ந்தபின் ஒவ்வொரு வலையிலும் நூல் கோத்து, முடிக்கு அடியில் கொண்டுபோய்ப் பின்மண்டையில் இரண்டு பக்கத்து நூலையும் சேர்த்து இழுத்துக் கட்ட வேண்டும். கன்னம் ஏறும், தாடைக்கோடு தெரியும், கழுத்துச் சதை காணாமல் போகும். ஒட்டின இடத்தை மேக்கப்பில் மறைத்து, மேலே விக். கொஞ்சம் கூட இழுத்தால் கண் சீனாக்காரி மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் குறைத்தால் இழுத்ததே வீண். அம்பத்தூர் வெயிலில், தகர ஷெட்டுக்குள், வியர்வையில் பசை விடாமல் பார்த்துக்கொள்வது தனி வித்தை.

இதில் ஒரு கஷ்டம், தலைவலி. மற்றவர்கள் நூலை இறுக முடிச்சுப் போட்டுவிட்டுச் சாயங்காலம் கத்தரியால் வெட்டுவார்கள். அதுவரை அந்த நடிகை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நான் என் பேக்கிங் முடிச்சைப் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் விக்கைக் கொஞ்சம் தூக்கி ஒரு இழுப்பு. முகம் மொத்தமாக இறங்கும், அம்மா “அப்பாடா” என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். சாப்பிட்டபின் மறுபடி கட்டுவேன். நான் வந்த பிறகுதான் அந்த அம்மா ஷூட்டிங்கில் சோறு சாப்பிட்டார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஒருநாள் அப்படி நான் நூலை இழுக்கும்போது டைரக்டர் கதவைத் திறந்துவிட்டார். முகம் இறங்கியதைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கடைசிக் காட்சியைத் தசரதன் மாஸ்டர் பழைய முறையில் படிப்படியாக எடுக்கலாம் என்றிருந்தார். அதற்கு நாள் இல்லை, அம்மாவும் சம்மதிக்கவில்லை. டைரக்டர் என்னைத் தண்ணீர் டிரம் பக்கம் கூப்பிட்டார்.

“ஏகாம்பரம், அன்னிக்கு ஒரு நூலை இழுத்தியே. நாளைக்குக் கேமரா ஓடும்போது அதையே இழு. நூலை நீளமா விட்டுட்டு, தூணுக்குப் பின்னாடி நில்லு. நான் கர்ச்சீஃபை எடுத்தா இழுத்துடு.”

“அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?”

“சொன்னா ஒத்துக்குவாங்களா? எடுத்து முடிச்சபின்னாடி நான் சமாளிச்சுக்கறேன். உன் பேரைத் தனியா டைட்டில்ல போடறேன். பெரிய எழுத்துல.”

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் உதவியாளர் பேரைத் திரையில் போடவே மாட்டார்கள். என் பேரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசை சாதாரண ஆசை இல்லை. தியேட்டரில் என் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, படிக்கத் தெரியாத அவளுக்கு விரல் நீட்டிக் காட்ட வேண்டும் என்று இருந்தேன். அவர் சரியான இடத்தில்தான் கை வைத்தார். அந்த ஷெட்டில் பல் மாட்டியிருந்தது ஒருத்தர்தான், ஆனால் ரத்தம் குடிக்கத் தெரிந்தவர்கள் நிறைய.

“சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“இன்னா பண்ணப் போற?”

“நீயே சொல்லு மாஸ்டர். பேரு போட்றேங்கிறாரு.”

“நான் இன்னாத்தச் சொல்றது? அந்த மூஞ்சி உன்துமில்ல, அவருதுமில்ல. கேட்டுகினுதான் கைய வெக்கணும். கேளு. அதுக்கு மேல அந்தம்மா பாடு.”

மறுநாள் காலை அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் கை கழுவினேன். வழக்கமாக மாஸ்டர்தான் கேட்பார், அன்றைக்கு அவர் வாசலில் நின்றுகொண்டார். நான் கேட்டேன்.

“தொடலாமாம்மா?”

“என்ன, இன்னிக்கு நீ கேக்கறே?”

சொன்னேன். தண்ணீர் டிரம், கர்ச்சீஃப், டைட்டில், எல்லாம். பேர் மேல் எனக்கு ஆசை என்பதையும் மறைக்கவில்லை. அம்மா தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்கள். பக்கத்து ஷெட்டில் பிரஸ் அடித்துக்கொண்டே இருந்தது.

“கட்டு” என்றார்கள்.

கட்டினேன். வலை, பசை, நூல், முடிச்சு.

“கண்ணாடியைத் திருப்பு. இழு.”

இத்தனை நாள் முகம் இறங்கும்போது அவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குத்தான் திறந்துகொண்டு பார்த்தார்கள். இழுத்தேன். கன்னம் இறங்கியது, வாயோரம் இறங்கியது. விரலால் தாடையைத் தொட்டுப் பார்த்தார்கள். அழப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

“இவ்வளவு நாளா இவளை எங்கேப்பா ஒளிச்சு வெச்சிருந்தே?” என்று சிரித்தார்கள். “நல்லா நடிப்பா போல இருக்கே.”

“வாணாம்னா சொல்லுங்கம்மா. நான் சார்கிட்ட நூலு அறுந்துடுச்சுன்னு சொல்லிக்கறேன்.”

“அறுக்க வேணாம். நூலை என் கைக்குக் கொண்டு வா. நீ இழுக்கறப்ப எனக்குத் தெரியாம இறங்கற மூஞ்சி வேற, நானா இறக்கற மூஞ்சி வேற. அந்தாளுக்குச் சொல்லாதே. அவர் இழுக்கறதாவே நினைச்சுக்கட்டும்.”

இப்போது என் கைவேலையைப் பாருங்கள். சாதாரண நூல் இவ்வளவு தூரம் வந்தால் சிக்கும். தூண்டில் நரம்பு வாங்கிவரச் சொன்னேன். பின்மண்டை முடிச்சிலிருந்து நரம்பை இறக்கி, ஜாக்கெட்டின் பின்கழுத்தில் ஒரு கொக்கி தைத்து அதன் வழியாக விட்டு, முழுக்கைக்குள் செலுத்தி, மணிக்கட்டில் வெளியே எடுத்து, வலது நடுவிரலில் ஒரு வளையம். கொக்கியில் உரசி நிற்காமல் இருக்க நரம்பு முழுக்க டால்க் பவுடர் தேய்த்தேன். ரப்பர் கம்பெனியில் வாஷர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவுகிற அதே பவுடர்தான். விரலை மடக்கினால் போதும், இரண்டு பக்கமும் சேர்ந்து அவிழும்.

சாப்பாட்டு நேரம் வந்தது. பிரஸ் நின்றது. கூரைமேல் மூடியிருந்த தார்ப்பாயை லைட் ஆட்கள் இரண்டு பேர் கயிறு கட்டிப் பிடித்திருந்தார்கள். கதாநாயகன் ஜன்னலை உடைப்பான், தார்ப்பாய் விலகும், நிஜ வெயில் அம்மா முகத்தில் விழும். மறுபடி கட்டி எடுக்க வெயில் நிற்காது, ஒரு தடவைதான். நான் தூணுக்குப் பின்னால் கையில் ஒரு நூலோடு நின்றேன். அந்த நூலின் மறுமுனை அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலில் கட்டியிருந்தது.

கேமரா ஓடியது. ஜன்னல் உடைந்தது. வெயில் விழுந்தது. டைரக்டர் கர்ச்சீஃபைத் தூக்கினார். நான் நாற்காலிக் காலை இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஆட்டினார், மறுபடி இழுத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அம்மா அசையவில்லை. வெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கண்ணில் தண்ணீர் நிறைந்தது, வெயிலாலா வேறு எதனாலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்புறம் நாற்காலிக் கைப்பிடியில் இருந்த அவர்கள் வலது கை மெதுவாக மூடியது.

கன்னம் முதலில். பிறகு வாயோரம். பிறகு கழுத்து. அதோடு முடியும் என்று நினைத்தேன். யாரும் சொல்லாமலே அந்த அம்மா, இறங்கின முகத்தோடு, என் கையால் செய்த கோரைப்பல் தெரிய, சிரித்தார்கள். மேலே தார்ப்பாய் பிடித்திருந்தவர் “ஐயோ தாயே” என்றார். கட் சொல்ல மறந்து, டைரக்டர் கர்ச்சீஃபைத் தூக்கின கையோடு நின்றார். பக்கத்து ஷெட்டில் சாப்பாடு முடிந்து பிரஸ் டம் என்று அடித்தபோதுதான் எல்லாருக்கும் உயிர் வந்தது.

டைரக்டர் நேராக என்னிடம் வந்தார். “ஏன்யா லேட்டா இழுத்தே?”

“சிக்கிக்கிச்சு சார்.”

“சிக்கினதும் நல்லதாப் போச்சு” என்றார். போன மாதப் பேட்டியில் லேட்டாக இழுக்கச் சொன்னதும் அவர்தானாம்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அம்மா கோபப்பட்ட மாதிரி பத்து நிமிஷம் நடித்தார்கள், அதுவும் நல்ல நடிப்பு. அவர் போனபின் என்னைக் கூப்பிட்டார்கள்.

“நானா காட்டினேன்னு தெரிஞ்சா கிழவின்னு அவளே ஒத்துக்கிட்டாம்பாங்க. ஏமாத்தி எடுத்தாங்கன்னா ஐயோ பாவம்பாங்க. பாவம்னா இன்னும் கொஞ்ச நாளைக்கு வேலை கிடைக்கும். நான் இருக்கற வரைக்கும் வாயைத் திறக்காதே.”

திறக்கவில்லை. படம் ஓடியது. அவர்கள் பயந்த மாதிரியே அம்மா வேஷம்தான் வந்தது. ஆனால் சும்மா அழுகிற அம்மா இல்லை. நீதிபதி, டாக்டர், ஊரையே நடுங்க வைக்கிற மாமியார். கதாநாயகியாக இருந்ததைவிட அதிக வருஷம், முகத்தைக் கட்டாமலே நடித்தார்கள். போன வருஷம் காலமாகிவிட்டார்கள். பாவம் என்ற பேரால் இனிமேல் அவர்களுக்கு ஆக வேண்டிய வேலை எதுவும் இல்லை. அவர்கள் தானாகச் செய்த நடிப்பை அந்தப் பேர் இப்போது அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

டைட்டிலா? ‘ஒப்பனை: தசரதன்’ என்று மட்டும் வந்தது. மாஸ்டர் எனக்காகப் போய்க் கேட்டார். இடமில்லை என்றார்களாம். தண்ணீர் லாரிக்காரருக்கு நன்றி போட்டிருந்தார்கள். என் அம்மா தியேட்டரில் “எதுடா உன் பேரு?” என்று கேட்டாள். “இப்ப போய்டுச்சும்மா” என்றேன்.

படத்தைச் சுத்தம் பண்ணுகிறவர்களுக்கும் டைரக்டர் சாருக்கும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் அந்த ஷாட்டைப் போட்டுப் பாருங்கள். எல்லாரும் முகத்தையே பார்க்கிறீர்கள். வலது கையைப் பாருங்கள். வேதனையில் கை மடங்குகிறது என்று விமர்சனத்தில் எழுதியிருக்கிறார்கள். வேதனையும் இருக்கலாம். ஆனால் நடுவிரல் முதலில் மடங்கும், கவனியுங்கள். அதில்தான் வளையம்.

யோசனை டைரக்டருடையது என்று வைத்துக்கொள்ளலாம், அதை நான் மறுக்கவில்லை. மாஸ்டர் பேர் இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே இரண்டு வரி சேர்க்க வேண்டும். இப்போது இடமில்லை என்று சொல்ல முடியாது, எல்லாம் கம்ப்யூட்டர்தானே. முதல் வரி: ‘கடைசிக் காட்சியில் நூலைத் தானே இழுத்தவர் வனமாலினி.’ இரண்டாவது வரி: ‘முடிச்சு: மு. ஏகாம்பரம், வேப்பம்பட்டு.’

சின்ன எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் மறையாமல் கொஞ்சம் நிற்க வேண்டும்.